மூன்றாம் மாடியும் முன்வரிசைத் துண்டும்

அன்பு மகள் அன்கேவுக்கு,

காசல் நகரிலிருந்து அப்பா ஏவால்ட் எழுதிக்கொள்வது. நானும் என் இரண்டு முழங்கால்களும் சௌக்கியம். ஹானோவரில் நீயும், மாப்பிள்ளையும், எனக்காக நீ பார்த்து வைத்திருக்கும் தரைத்தள வீடும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். அந்த வீடு சௌக்கியமாக, காலியாகவே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏதாவது ஓர் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்து, கிறிஸ்துமஸுக்கு நீ வரும் அன்று தண்ணீர் பாட்டில் பெட்டியோடு என் வீடு வரை மூன்று மாடியும் உட்காராமல் ஏறிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு கிளம்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டாய். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் டிராம் ஓட்டியவன், பெற்ற மகள் வைக்கும் பரீட்சைக்கா பயப்படுவேன்? இப்போதே மூச்சு வாங்காமல்தான் ஏறுகிறேன். ஆனாலும் அப்பா முயற்சியே செய்யவில்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லக் கூடாதே என்று விளையாட்டுச் சங்கத்துக்குப் போனேன். படிவத்தில் 'உங்கள் தேவை என்ன?' என்று ஒரு கேள்வி. 'மகள் வாயை அடைப்பது' என்று எழுதிக் கொடுத்தேன்.

அதற்கேற்ற வகுப்பு அவர்களிடம் இல்லை போலிருக்கிறது. முதலில் யோகா. கடைசியில் பிணம் மாதிரி படுக்கச் சொன்னார்கள், படுத்தேன், என் குறட்டையில் மற்ற பிணங்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டன. அடுத்து சைக்கிள் வகுப்பு, ஒரு மணி நேரம் மிதித்தாலும் நகராத வண்டி, காது கிழியும் பாட்டு, நடத்துகிற பையன் "இன்னும் வேகம்"னு கத்துறான். "தம்பி, நேரத்துக்கு முன்னாடி போயிட்டா ஸ்டாப்புல நிக்கிற ஜனம் என்னப்பா பண்ணும்?"னு கேட்டேன், இறக்கி விட்டுட்டான். அப்புறம் முதியோருக்கான நாற்காலிப் பயிற்சி. அங்கே கை தூக்கியதைவிட யாருக்கு எந்தப் பக்கத்து இடுப்பை ஆபரேஷன் செய்து மாற்றினார்கள் என்ற பேச்சுதான் அதிகம். எனக்குப் பிறந்தபோது வந்த இடுப்பே இருப்பதால் சபையில் மரியாதை இல்லை.

கடைசியாக, செவ்வாய்க்கிழமை பதினொரு மணி முதுகுப் பயிற்சி. நல்ல இடம் வேண்டுமே என்று எட்டரைக்கே போய், முன்வரிசை ஜன்னலோரப் பாயில் என் நீலத் துண்டை விரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். விடுமுறைக்குப் போன மயோர்க்காத் தீவில், நீச்சல் குளத்தோரம் உனக்கும் இப்படித்தானே இடம் பிடித்துத் தந்தேன்? பத்து மணிக்குத் திரும்பினால் என் துண்டைச் சுற்றி ஒன்பது பெண்கள், ஒன்பது பேரும் வாயும் வயிறுமாக! முதுகுப் பயிற்சிக்கு முன்னால் அங்கே கர்ப்பிணிகள் வகுப்பாம். நடத்துகிறவர் மருத்துவச்சி ரோஸ்வித்தா.

"ஐயா, இது உங்க வகுப்பு இல்லீங்க."

"இருக்கட்டும்மா. துண்டு என்னுது. எட்டரைக்குப் போட்டது."

இந்த நாட்டில் துண்டை எதிர்த்து யார் பேச முடியும்? அந்த அம்மாள் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "வயிறு இருக்கு. சரி, உக்காருங்க."

பக்கத்துப் பாயிலிருந்த யோர்டிஸ் என்ற பெண், "தாத்தா, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்றாள்.

"எழுபத்து நாலாவது வருஷம்மா. இன்னும் வலி எடுக்கல."

முழு வகுப்பும் உட்கார்ந்தேன், கொள்கைக்காக. ஆக, எனக்குப் பொருந்தும் வகுப்பு இந்த ஊரில் கிடையாது. சங்கத்திலிருந்து விலகிவிடுவேன், வீட்டிலிருந்து விலக மாட்டேன். உன்னால் ஆனதைப் பார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உனக்கு என் ஆசிகள். பிடிவாதம் மட்டும் கொஞ்சம் குறையட்டும், அது என்னிடமிருந்து வந்ததுதான் என்றாலும்.

இப்படிக்கு,
இருந்த இடத்தைவிட்டு அசையாத
உன் அப்பா ஏவால்ட்

பி.கு.: செவ்வாய்க் காலையில் மட்டும் வந்துவிடாதே, எனக்கு வகுப்பு இருக்கிறது. ஆறு வாரமாகப் போகிறேன். "மூணு படி ஏறுங்க, நின்னு மூச்சை மெதுவா விடுங்க, இதுல வெக்கம் என்ன?" என்று ரோஸ்வித்தா மாடி ஏறச் சொல்லிக்கொடுத்தார். எனக்கென்று சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதால் என் காதிலும் ஏறியது. யோர்டிஸுக்கு ஜனவரியில் பிரசவம். அதுவரை அவள் துண்டையும் எட்டரைக்கு நானே போடுகிறேன்.

இன்னொன்று. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கிடந்த நாற்காலி பக்கத்து வீட்டம்மாளுடையது என்று உன்னிடம் சொன்னது பொய். அது என்னுடையது. ஒரு வருஷமாக அதில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வீடு வந்து சேர்ந்தேன். தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவாயோ என்று பயம். நேற்று அதில் உட்காராமல் ஏறினேன். கதவைத் திறந்து சத்தமாகச் சொல்லலாமென்று பார்த்தால், வீட்டில் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் கடிதம்.

இன்று காலை அந்த நாற்காலியையே மேலே தூக்கி வந்துவிட்டேன். தண்ணீர்ப் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு வா. மேலே வந்ததும் உட்கார உனக்கு ஒன்று வேண்டுமே.