வெற்றிலையில் சுற்றிய கைப்பேசி

வதந்தியை ஆராய்கிறவர்களுக்கு வதந்தி கிளப்பத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களைப் போலக் கச்சிதமாக வேறு யாராலும் முடியாது.

கைப்பேசி மனிதர்களை என்ன செய்கிறது என்று ஆராயும் வேலைக்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலில் உதாரணம் காட்ட நானே ஒரு பொய்த் தகவல் தயாரித்தேன்: 'கைப்பேசியை வெற்றிலையில் சுற்றி வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீராது.' (இதையெல்லாம் யார் நம்புவார்கள் என்ற நினைப்பு!) எனக்கே அனுப்பிக்கொள்வதாக எண்ணி, சிங்கப்பூரின் பொங்கோல் பகுதியில் இருக்கும் அம்மாவின் தோழிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாகப் பிராட்டா ரொட்டி சாப்பிடப் போனேன்.

மறுநாள் தேக்கா சந்தையிலிருந்து அம்மா அழைத்தார்.

"வெத்தலை எந்தக் கடையிலயும் இல்லடி! கேட்டா, 'காலையிலயே முடிஞ்சிருச்சு லா'ங்கிறாங்க."

"எதுக்கும்மா வெத்தலை?"

"நீதானே அனுப்பின? படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எல்லா குரூப்புக்கும் அனுப்பிட்டேன்."

விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போச்சு! (கிடைக்காத வேலைதான், இருந்தாலும்.) "அது பொய்" என்று குழுவில் எழுதினேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஆதாரங்களுடன் நீளமாக விளக்கினேன். ஓர் ஆன்ட்டி என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

கடைசியில் அம்மாவின் கைப்பேசியைப் பிடுங்கி, அதிலிருந்து நானே ஒரு காலை வணக்கப் படம் செய்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன்: சிவப்பு ரோஜா, மினுக்கும் குத்துவிளக்கு, 'இனிய காலை வணக்கம்', கீழே 'வெற்றிலை வாய்க்கு மட்டுமே. பேட்டரிக்கு அல்ல.' அவ்வளவுதான். பொய்யை விட வேகமாகப் பறந்தது அந்த ரோஜா.

நேர்காணலில் தலைமைப் பேராசிரியர் மேசைமேல் தன் கைப்பேசியை வைத்தார். அதைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட, வாடிய வெற்றிலை!

"என் மாமியார் சுத்தி விட்டாங்க, வேணாம்னு சொல்ல முடியல," என்று சிரித்தார். "இது எங்கேருந்து கிளம்புச்சுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா?"

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். நான்தான்."

ரோஜா வரை எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு வெற்றிலையை உரித்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "எப்ப வேலைக்கு வர்றீங்க?"

இன்று அதுவே என் தொழில். கருத்தரங்குகளில் எனக்குக் கைதட்டுகிறார்கள். ஆனால் என் உண்மையான சாதனை பொங்கோலில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மழை எச்சரிக்கை வந்தால்கூட, அம்மாவின் தோழிகள் யாருக்கும் அனுப்புவதில்லை. முதலில் அம்மாவிடம் கேட்கிறார்கள்:

"இது நெசமா, இல்ல உங்க பொண்ணு செஞ்சதா?"