இருபத்தொரு கிலோமீட்டர் பயம்

எலும்பை எண்ணிவிடுவேன் என்று எல்லார் வீட்டிலும் மனைவி சொல்வாள். என் வீட்டில் அது சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன்தான். ஆனால் அவள் ஒரு பார்வை பார்த்தால் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு அறிவித்தேன்.

"நான் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப் போறேன்."

"யார்கிட்டேருந்து?" என்றாள்.

"யார்கிட்டேருந்தும் இல்ல. போட்டி. இன்னும் மூணு மாசத்துல நடக்கப் போகுது. ரயிலும் நானும் பேர் குடுத்துட்டோம்."

ரயில் என்பது பக்கத்து வீட்டுக்காரர். குழாய் ரிப்பேர் செய்பவர். ஐம்பத்தெட்டு வயதில் தினமும் ஓடுகிறார். மூச்சு விடும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

"போன வருஷம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினதுக்கே ரெண்டு நாள் லீவு போட்டீங்க."

"அது போன வருஷம்."

"அந்த பஸ்ஸையும் பிடிக்கல."

அவளிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர், என்னைவிட நரைத்த தலை, எழுந்து நின்று, "நீங்க உக்காருங்க பெரியவரே" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. அன்று முழுக்க ஒரே லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான். வயசாகிறது என்கிற பயத்தை விரட்ட ஓடக் கிளம்பினேன். அது என்னைவிட வேகமாக ஓடும் என்று அப்போது தெரியாது.

மறுநாளே மழை ஆரம்பித்தது. சாதாரண மழை இல்லை. வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட மாதிரி மழை. ரயிலிடம் சொன்னேன்.

"அண்ணே, இது உங்க தொழில். மேல ஏறி அடைச்சுட்டு வாங்க. அப்புறம் ஓடலாம்."

"மழையில ஓடினாத்தான் காலு உரம் ஏறும். வாங்க."

"இடி இடிக்குதே."

"இடியா ஓடப் போகுது? நாமதான் ஓடப் போறோம்."

காலை ஐந்தரைக்கு எங்கள் ஊர்க் கால்வாய் ரோட்டில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது. சாக்கடை மூடி இருக்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு காலையும் வைக்க வேண்டும். மின்னல் வெட்டும்போது மரமெல்லாம் என் பக்கம் திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். நான் ஓடியது உடற்பயிற்சி என்று ரயில் நினைத்துக்கொண்டிருந்தார். சத்தியமாக இல்லை. ஈரக்குலை நடுங்க உயிர் தப்பி ஓடிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம் அது நடந்தது. தண்ணீருக்குள் வைத்த வலது கால் ரோட்டைத் தொடாமல் இன்னும் கீழே போயிற்று. முழங்கால்வரை போய், விளிம்பில் இடித்து நின்றது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்னெலும்பில், சூடான கம்பியை வைத்த மாதிரி இருந்தது.

"என்னாச்சு?" என்றார் ரயில்.

"செருப்பு... இல்ல, ஷூவுல தண்ணி."

வீட்டுக்கு நொண்டாமல் போய்ச் சேர்ந்தேன். எப்படி என்கிறீர்களா? மனைவி பார்க்கும்போது நிற்பேன், பார்க்காதபோது நடப்பேன். வலியைவிடப் பயம் பெரிது. அவளுக்குத் தெரிந்தால் படம் எடுப்பாள். படம் எடுத்தால் என் ஓட்டம் அதோடு நின்றது. அப்புறம் ஆயுசு முழுக்க அந்தப் படத்தைக் காட்டிக் காட்டியே பேசுவாள்.

ஒரு வாரம் பொறுத்தேன். வலி போகவில்லை. ஆகவே ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு எக்ஸ்ரே நிலையத்துக்கு, இரண்டு பஸ் மாறிப் போனேன். எங்கள் தெருத் தபால்காரரின் பெயரையும் வேலையையும் என்னுடையது மாதிரி சொல்லி, ஓடும்போது அடிபட்டது என்றேன். ஒரு சின்னப் பெண் படம் எடுத்தாள்.

"மூச்சைப் பிடிச்சுக்குங்க சார்."

"காலுக்கு எதுக்கும்மா மூச்சு?"

"ரொம்ப நடுங்கறீங்க. அதான்."

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார். எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கு. எங்க அக்காகிட்டயும் கேட்டு வைக்கறேன்" என்றாள். யாருடைய அக்காவோ, நமக்கென்ன என்று படத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு படம் வந்துச்சு. என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு அனுப்பியிருந்தா. சந்தேகம்னா எனக்குத்தான் அனுப்புவா. அக்கா அக்கான்னு உசுரை விடுவா."

வாய்க்குப் போன கை நடுவழியில் நின்றது.

"என்ன... படம்?"

"கால். முன்னெலும்புல கீறல். மயிரிழைதான்."

"யாரோட கால்?"

"யாரோ தபால்காரராம். ஓடறவராம்."

"ஓடினா என்ன ஆகும்? சும்மா கேக்கறேன். பொது அறிவுக்கு."

"பெருசா ஒண்ணும் ஆகாது. டக்குனு ஒரு சத்தம் கேக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவருக்கு ஒண்ணும் கேக்காது. அவர் கத்தறதுதான் மத்தவங்களுக்குக் கேக்கும். சாப்பிடுங்க, ஆறிப் போகுது."

எனக்கு எல்லாம் ஏற்கெனவே ஆறிப் போயிருந்தது. கை, கால், வயிறு எல்லாம்.

ஓடாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டு, வீட்டில் விடவில்லை என்று ரயிலிடம் பழியைப் போட்டுத் தப்பித்திருப்பேன். அவளோ, "உங்க பயிற்சி எப்படிப் போகுது?" என்று பாசமாக விசாரித்தாள். "பிரமாதம்" என்றேன்.

ரயிலிடம் இனித் தனியாக ஓடிப் பழகப் போகிறேன் என்றேன். தினமும் ஐந்தரைக்குக் கிளம்புவேன். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மூன்று தெரு தள்ளி இருந்த பஸ் நிழற்குடையில் போய் உட்காருவேன். ஒரு மணி நேரம். பிறகு ஷூவைத் தேங்கின தண்ணீரில் முக்கி எடுத்து, மூச்சு வாங்குவதாக நடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் காதில் ஒரே சத்தம்தான். டக். நிழற்குடைத் தகரத்தில் மழை விழுந்தாலும் டக். பல்லி விழுந்தாலும் டக்.

இன்னொன்றும் என்னைப் பயமுறுத்தியது. போட்டிக்கு மிச்சமிருந்த அந்த நாலு வாரமும் அவள் எனக்கு ஒரு வேலையும் சொல்லவில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்கச் சொல்லவில்லை. பரணில் ஏறச் சொல்லவில்லை. "நீங்க உக்காருங்க" என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் கேட்டறியாத வாக்கியம். எனக்கு ஏதோ பெரிய வியாதி, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் ஒரு திட்டம் போட்டேன். கால்வாய் ரோட்டில் பத்தரை கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். புறப்படும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பேக்கரி. கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்புவது. பேக்கரிக்குள் நுழைவது. இரண்டரை மணி நேரம் கழித்து, திரும்பி வருகிற கூட்டத்தோடு சேர்ந்து கோட்டைத் தாண்டுவது. எலும்பும் பிழைக்கும், மானமும் பிழைக்கும்.

போட்டி நாளன்று அவள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். "டூட்டி இருக்கு. பாத்து ஓடுங்க" என்றாள். வெளியே விடிந்தும் விடியாத மாதிரி வானம் கறுத்திருந்தது.

மைதானத்தில் கூடாரம். அதில் மேஜை. மேஜைக்குப் பின்னால் பட்டியல் வைத்திருந்தவர் இரண்டு முறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர் இல்லையே சார்" என்றார். அவர் போட்டிருந்த கண்ணாடி நான் தேய்த்தது. தப்பாகப் படிக்க வழியே இல்லை.

"மூணு மாசம் முன்னாடியே குடுத்தேனே!"

"குடுத்திருக்கீங்க. நாலு வாரம் முன்னாடி எடுத்துட்டாங்க. காரணம், காலில் எலும்புக் கீறல்னு எழுதியிருக்கு."

"யார் எடுத்தது?"

"நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். என் மனைவி. ஷூ போட்டிருந்தாள். கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள். நெஞ்சில் எண் குத்தியிருந்தது.

"தபால்காரர்னு பொய்யா சொன்னீங்க? நாலு வருஷம் முன்னாடி ஏணியிலேருந்து விழுந்தீங்களே, அந்தப் படம் எடுத்தது யாரு? கணுக்கால்ல ஒரு சின்ன மேடு இருக்கு. உங்க முகத்தை மறந்தாலும் மறப்பேன், அந்த மேட்டை மறப்பேனா? அன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். ஓடாம, ஏறாம ஆறு வாரம் இருந்தா தானா சேந்துடும்னு சொல்லிட்டாரு."

"அப்ப நான் தினமும் ஓடினது..."

"ஷூ சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும், தலைமுடி காஞ்சிருக்கும். எந்த ஊர்ல மழை கீழேருந்து பெய்யுது?"

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஓடியிருப்பீங்க."

"நீ எப்ப... ஓட..." என்று தடுமாறினேன்.

"நீங்க டம்ளரை டொக்குனு வச்சீங்களே, அதுக்கு மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். ஆஸ்பத்திரி கார் நிறுத்தற கட்டடத்துல, டூட்டி முடிஞ்சதும். அஞ்சு மாடி சாய்வுப் பாதை. மேல, கீழ, மேல, கீழ." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க பாட்டுக்கு நடு ரோட்டுல மயங்கி விழுந்தா யார் பாக்கறது? பின்னாலயே வரலாம்னுதான் நானும் பேர் குடுத்தேன். பயமா இருந்துச்சு."

எனக்குத்தான் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அப்ப இன்னிக்கு? நான்தான் ஓடலையே?"

"மூணு மாசம் ஓடியாச்சு. விடுவேனா?" என்று கைப்பையை என் கையில் கொடுத்தாள். "அந்த நாற்காலியில உக்காருங்க. காலை ஊனாதீங்க." விசில் ஊதினார்கள். ரயில் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் ஓடினார்.

அவர்கள் போன அரை மணியில் வானம் பிய்த்துக்கொண்டது. கூடாரத்தின் ஒரு பக்கம் பறந்துபோயிற்று. ஒலிபெருக்கியில், "கால்வாய் ரோட்டு சுரங்கப் பாதையில் தண்ணீர் ஏறுகிறது, ஓட்டக்காரர்கள் மேல் பாதையில் வரவும்" என்றார்கள். ஓடுகிறவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? எனக்குத்தான் கேட்டது. ஆம்புலன்ஸ் ஒன்று போனது. திரும்பி வந்தது. நொண்டியபடி தடுப்புக் கம்பிவரை போய் எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு இளைஞன். அவள் இல்லை. மறுபடி ஆம்புலன்ஸ் போனது.

இரண்டு மணி நேரம். இரண்டரை. நனைந்த கோழிகள் மாதிரி ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தியைக் கேட்டேன். "சுரங்கப் பாதைகிட்ட ஒரு அம்மாவைப் பாத்தேன். தண்ணிக்குள்ள குனிஞ்சு நின்னுட்டிருந்தாங்க" என்றாள். தண்ணீருக்குள்ளா? கைப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். அதில் அவள் வாசனை இருந்தது. நாற்பத்தாறு வயதில், கொட்டுகிற மழையில், நூறு பேர் நடுவில் நின்று அழுதேன். மழையில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

மூன்று மணி நேரம் ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது முதலில் சத்தம்தான் வந்தது. புஸ், புஸ், புஸ். ரயில்! ஆனால் தானாக ஓடும் ரயில் இல்லை. அவர் கையைத் தோளில் போட்டு, இடுப்பைப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்தாள் என் மனைவி.

"சுரங்கப் பாதையில தசை பிடிச்சு உக்காந்துட்டாரு. முழங்கால்வரைக்கும் தண்ணி. விட்டுட்டு வர முடியுமா?" என்றாள் மூச்சிரைக்க.

"தங்கச்சி இல்லன்னா நான் இன்னிக்குக் கால்வாயிலதான்" என்றார் ரயில். அவரும் அழுதிருந்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு வார்த்தை வரவில்லை. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஈரச் சட்டையில் துடைத்தால் எப்படித் தெரியும்? மங்கலாகவே அவளைப் பார்த்தேன்.

"ரொம்ப பயந்துட்டீங்களா?" என்றாள்.

"சேச்சே."

"கை இன்னும் நடுங்குது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த போட்டி நாலு மாசத்துல. இப்பவே ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டு வந்துடறேன்."

என் நெஞ்சு நிமிர்ந்தது. ஆக, என் மேல் அவளுக்கு நம்பிக்கை இருக்கிறது!

"அதுக்குள்ள என் கால் சேந்துடுமா?"

"சேராட்டி என்ன? உங்க பேரைத் தண்ணி குடுக்கற மேஜைக்குத்தான் குடுக்கப் போறேன். உக்காந்துகிட்டே குடுக்கலாமாம், கேட்டுட்டேன்."