ஏலவார்குழலி சில்க்ஸில் உட்காரலாம்

பெயர் பூவராகவன். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். தற்போது நிற்கும் இடம் காஞ்சிபுரம் காந்தி ரோடு, ஸ்ரீ ஏலவார்குழலி சில்க்ஸ், இரண்டாம் மாடி, முகூர்த்தப் பட்டுப் பிரிவு. ‘வசிக்கும் இடம்’ என்று சொல்லாமல் ‘நிற்கும் இடம்’ என்று சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை அவன் அங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்கது அந்தக் கடையின் ‘ஆங்கில அனுமதி முறை’. மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் அங்கே வேலைக்குச் சேர்ந்து, பாத்ரூம் போக அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் அந்தக் கடை இருண்ட காலத்தில் இருந்தது. “டீ குடிச்சிட்டு வரட்டாண்ணே?” என்று ஒருவன் கேட்பான். “சீக்கிரம் வா” என்று இன்னொருவர் சொல்வார். டீயும் குடித்தாகிவிடும். யார் யாருக்கு எந்த அதிகாரத்தின்கீழ் அனுமதி தந்தார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது.

இந்த நிலையில், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. முதலாளி ராமலிங்கத்துக்குச் சட்டத்தின் மீது பக்தி அதிகம். பக்தி உள்ள எதையும் அவர் கிட்டப் போய்த் தொட மாட்டார். தூரத்தில் நின்று கும்பிடுவார். மாடிக்கு ஒன்றாக மூன்று நாற்காலிகள் வாங்கினார். வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. முதலாளியின் மனைவி மஹாலட்சுமி அம்மாள் ஒவ்வொன்றின் நான்கு கால்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் அழுக்காகிவிடும் என்பதால் பிரிக்கவில்லை. இரண்டாம் மாடி நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தது ஒரு கைப்பை. வாடிக்கையாளர்களுக்குச் சோபா போட்டிருந்தார்கள்; கைப்பைகளுக்குத்தான் அதுவரை வசதி இல்லாமல் இருந்தது.

நாற்காலிகள் வந்தபின், அவற்றை நிர்வகிக்க ஆள் வேண்டும் அல்லவா. சென்னையிலிருந்து விக்ரம் சார் மேனேஜராக வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வெள்ளைப் பலகையில் நான்கு சொற்களை எழுதினார்: கேன், மே, ஷுட், மஸ்ட். உலகத்தில் உள்ள விதிகளும் அனுமதிகளும் இந்த நான்குக்குள் அடக்கம் என்றார். பிறகு சீருடை வழங்குவதைப் போல அவற்றைப் பகிர்ந்தளித்தார். ‘கேன்’, அதாவது முடியும் என்பது, முதலாளிக்கு. ‘மே’ என்று அனுமதி தருவது மேனேஜருக்கு. ‘ஷுட்’ என்று அறிவுரை சொல்வது மாடிக்கு ஒரு மேற்பார்வையாளருக்கு. செய்தே ஆக வேண்டிய ‘மஸ்ட்’ ஊழியர்களுக்கு. அது மட்டும் கையிருப்பு அதிகம் இருந்ததால் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிடைத்தது.

மறுநாள் முதல், கடை திறந்ததும் மறைந்த பெரிய முதலாளியின் படத்துக்குக் கற்பூரம் காட்டியபின், நாற்பது ஊழியர்களும் வரிசையாக நின்று பதினான்கு வரிகளை ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினார்கள். முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கும் பெரும்பதவி பூவராகவனுக்கு வாய்த்தது. பி.ஏ. ஆங்கிலம், இரண்டு பேப்பர் மட்டும் பாக்கி. அவன் ஒரு வரியை எடுத்தால் மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். “வீ மஸ்ட் ஸ்மைல்”, சிரிக்க வேண்டும். “வீ மஸ்ட் நாட் லீன்”, சுவரில் சாயக் கூடாது. ஒன்பதாவது வரி, “வீ மஸ்ட் நாட் சே நோ டு தி கஸ்டமர்”, வாடிக்கையாளர் சொல்லுக்கு மறுப்பு கூடாது. பதினான்காவது, “வீ மே சிட்”, நாங்கள் உட்காரலாம். கடைசி வரி என்பதால் இதைத்தான் எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். சொல்லி, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிற்கப் போவார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகவனின் அம்மா, மகன் காஞ்சிபுரத்தில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். வேலை போனால் கடை கொடுத்த அறையில் படுக்கும் இடமும் போகும் என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

அவனுக்குப் பக்கத்துக் கவுண்டரில் தேவகி. தாமலில் இருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். ஏழாம் மாதம். ஐந்தாம் மாதமே கொலுசைக் கழற்றிவிட்டாள். ஏழாம் மாதம் மெட்டியைத் தட்டானிடம் போய் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கால் அப்படி வீங்கியிருந்தது.

தேவகி முறைப்படிதான் அனுமதி கேட்டாள். “மே ஐ சிட், சார்?” விக்ரம் சார் அவள் உச்சரிப்பைப் பாராட்டினார். ‘ப்ளீஸ்’ விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டித் திரும்பக் கேட்கச் சொன்னார். கேட்டாள். மாடியில் கல்யாண வீட்டார் பதினோரு பேர் இருந்தார்கள். இத்தனை பேர் இருக்கும்போது உட்காருவது உசிதமல்ல என்று ‘ஷுட் நாட்’டைப் பயன்படுத்தி விளக்கினார். இரண்டு நாள் கழித்து மாடி காலியாக இருந்தபோது மறுபடி கேட்டாள். ஆளே வராத நாளில் களைப்பு எப்படி வந்தது என்று அவர் உண்மையான அக்கறையுடன் விசாரித்தார். அந்தக் கடையில் இந்த இரண்டு வகை நாட்கள்தான் உண்டு.

“நீதானேப்பா தெனம் முன்னால நின்னுக்கினு சொல்லிக்குடுக்கிற” என்றாள் தேவகி பூவராகவனிடம். “எனக்காவ நீ ஒரு வாட்டி கேளேன். நீ கேட்டா சரியா இருக்கும்.”

“நாளைக்குக் கேக்கறேங்க்கா” என்றான். அடுத்த நான்கு நாளும் அதையே சொன்னான்.

ஐந்தாம் நாள் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தார். சட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பணி. இரண்டு மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. கைப்பையை எடுத்துவிட்டு நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். உட்கார்ந்துகொண்டு, நிற்கிறவர்களைப் பார்த்துக் கேட்டார்: “உங்களையெல்லாம் உட்கார விடறாங்களா?”

விக்ரம் சார் பூவராகவனைப் பார்த்துத் தலையசைத்தார். தேவகியும் அவனைத்தான் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். ‘இல்லைங்க’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வந்தது வேறு.

“வீ மே சிட்.”

“வீ மே சிட்” என்றது மாடி முழுதும், ஒரே குரலில், நின்றபடி.

பயத்தில் அவன் முதல் வரிக்குப் போய்விட்டான். “வீ மஸ்ட் ஸ்மைல்.” எல்லோரும் சிரித்தார்கள். ‘ஊழியர்கள் மகிழ்ச்சியாகக் காணப்பட்டனர்’ என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டு போனார். தேவகி அன்று பிரித்த சேலைகளையெல்லாம் அவனைக் கூப்பிடாமல் தானே மடித்தாள்.

மறுநாள் ஏனாத்தூரிலிருந்து மரியம்மாள் என்கிற அம்மா வந்தாள், மகள் கல்யாணத்துக்குச் சந்தன நிறத்தில் பட்டு எடுக்க. தேவகி முதல் சேலையைப் பிரித்தாள். மரியம்மாள் சேலையைப் பார்க்காமல் கவுண்டருக்குக் கீழே பார்த்தாள்.

“அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக்கினு உக்காரும்மா.”

“பரவால்லம்மா, நீங்க பாருங்க.”

“உன் காலு இப்படி இருக்குது, நான் சேலைய எங்க பாக்கறது? நீ உக்காந்தாதான் எடுப்பேன்.”

விக்ரம் சார் புன்னகையுடன் வந்து சேர்ந்தார். ஊழியர் நின்றுகொண்டு காட்டுவதே வாடிக்கையாளருக்கு மரியாதை என்று எடுத்துரைத்தார்.

“அந்த மரியாதைய நான் கேக்கலியேப்பா” என்றாள் மரியம்மாள். “நான் சொன்னா கேப்பீங்களா மாட்டீங்களா?”

பூவராகவன் சேலை மடித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், தினமும் சொல்கிற அதே ராகத்தில் ஒன்பதாவது வரியை எடுத்தான். “வீ மஸ்ட் நாட் சே நோ டு தி கஸ்டமர்.” பழக்க தோஷத்தில் மாடி முழுதும் திருப்பிச் சொன்னது. விக்ரம் சார் தாமே எழுதிய வரி. அவருக்கும் உதடு அசைந்தது.

தேவகி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை படபடவென்று சத்தம் போட்டது.

மரியம்மாள் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் அறுபத்திரண்டு சேலை பார்த்தாள். பூவராகவன் பிரித்துப் போட்டான். தேவகி உட்கார்ந்தபடி விலை சொன்னாள். கடைசியில் மரியம்மாள் எடுத்தது முதலில் பிரித்த சேலையைத்தான். அதை அவ்வளவு நேரமும் மடியிலேயே வைத்திருந்தாள்.

நிர்வாகம் இதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டது. ‘வாடிக்கையாளர் சொன்னால் ஊழியர் உட்காரலாம்’ என்பது பதினைந்தாவது வரியாகச் சேர்க்கப்பட்டது. ஆக, அனுமதி வழங்கும் அதிகாரம் இப்போது முதலாளியிடமும் இல்லை, மேனேஜரிடமும் இல்லை. சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்துவிட்டது. இத்தனை தாராளமான நிர்வாகம் வேறெங்கும் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு பதினெட்டு நாட்கள். நானூறு பேருக்கு மேல் வந்துபோனார்கள். நல்ல மனிதர்கள். பிரி என்றார்கள், திருப்பு என்றார்கள், வெளிச்சத்தில் காட்டு, தோளில் போட்டுக் காட்டு, மேலே இருப்பதை எடு என்றார்கள். போகும்போது நன்றிகூடச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த நானூறு பேரில் நீங்களும் இருந்திருக்கலாம்.

தேவகிக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் காஞ்சிபுரம் வந்து பட்டு எடுத்தால், சேலையைப் பார்ப்பதற்கு முன்னால், காட்டுகிறவரிடம் “உக்காருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லவும். தமிழில் சொன்னால் போதும்.