செத்தது என் அப்பா இல்லை, மாமா

விளாத்திகுளம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

சுடலைமணி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அப்பா ரொம்பவே சௌக்கியம். இதை எழுதும்போது எதிரே உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கிறார். சத்தம் காகிதத்தில் கேட்காது என்பதால் எழுத்தில் தெரிவிக்கிறேன். அங்கே தாங்களும் அத்தையும் செண்பகமும் சுகமாக இருக்க செண்பகவல்லித் தாயை வேண்டுகிறேன். என் போனைத் தாங்கள் எடுப்பதில்லை. அப்பாவே பேசியபோது, "செத்தவரு பேசுதாராக்கும்? எந்தச் சித்தப்பன்வே நீரு?" என்று கேட்டு வைத்துவிட்டீர்களாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு மாப்பிள்ளை வீடு பார்த்து, கை நனைத்து, நாள் குறிக்க வருவதாக ஏற்பாடு. தலைவர் படம் வியாழக்கிழமை வெளியானது என் குற்றமா, சொல்லுங்கள். நான் தலைவர் ரசிகர் மன்றத்தின் ஒன்றியச் செயலாளர், முதல் காட்சிக்குப் போகாமல் இருக்க முடியாது. தலைவருக்கு மூன்று வேடம் என்பதால் தியேட்டர் வாசலில் மூன்று கட்டவுட், மூன்றுக்கும் பால். ஒன்று வெள்ளைத் தாடி வைத்த அய்யா, ஒன்று போலீஸ்கார மூத்த மகன், ஒன்று ரவுடி இளைய மகன். ரவுடிக்குப் பால் ஊற்றலாமா என்று அங்கேயே தகராறு. "கெட்டவனா இருந்தாலும் அவரும் தலைவர்தாம்லே" என்று நான்தான் சமாதானம் செய்தேன். உள்ளே போனால் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அய்யாவைச் சுட்டுவிட்டார்கள். தியேட்டரே அழுதது. எங்கள் பொருளாளர் பரமன் தரையில் உருண்டான். அழுத சூட்டோடு அச்சகத்துக்குப் போனவன், அய்யாவின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிட்டான். கீழே "எங்கள் குலவிளக்கு அய்யாவை இழந்து தவிக்கும் பிள்ளைகள்" என்று எழுதி, செயலாளர் என்ற மரியாதைக்காக என் முகத்தை மட்டும் தேங்காய் அளவுக்குப் போட்டிருக்கிறான். விடிவதற்குள் கோவில்பட்டி ரோட்டிலிருந்து எங்கள் தெரு முனைவரை ஒட்டியும்விட்டார்கள். எனக்குத் தெரியாது மாமா, சத்தியமாகத் தெரியாது. நான் வீட்டில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தேன்.

தாங்கள் சினிமா பார்க்காதவர், ஒட்டுத்தாடிக்குள் இருப்பது யாரென்று தங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் பெண் பார்க்க வந்த அன்றோ, அப்பா கடைவாய்ப் பல் பிடுங்கிய வீக்கத்தில் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆக முகமும் தெரியாது, குரலும் தெரியாது. தாங்கள் வேனை முக்கில் நிறுத்தி, பெண்களை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, பஜாரில் வாங்கிய ரோஜா மாலையோடு தனியாக வந்தீர்கள். சம்பந்தி மாலையோடு வருகிறாரே என்று அப்பா பூரித்துப்போய்க் கழுத்தை நீட்டினார். தாங்களும் அவரைச் செத்தவரின் தம்பி என்று நினைத்து, வேறு வழியில்லாமல் போட்டுவிட்டீர்கள். அதன் பிறகு நடந்த பேச்சை நினைத்தால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

"இப்படி ஆயிப்போச்சே!" என்றீர்கள்.

"எல்லாம் அவன் செயல். எப்பவோ நடக்க வேண்டியது, இப்பமாவது கூடி வந்துச்சே" என்றார் அப்பா.

"பையன் எப்படித் தாங்குதான்?"

"அவனுக்கென்ன, ரெண்டு நாளா தரையில கால் பாவல!"

"எத்தன மணிக்கு வச்சிருக்கிய?"

"பத்தரைக்கு மேல நல்ல நேரம். மொதல்ல உள்ள வாங்க, கேசரி சாப்பிடுங்க."

"அடப்பாவியளா, சாவு வீட்டுல கேசரி கிண்டுதியளா!" என்று தாங்கள் போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நாங்கள் விளக்குவதற்குள் தாங்களும் வேனேறிப் போய்விட்டீர்கள். பெற்ற தகப்பன் செத்ததை மறைத்துச் சம்பந்தம் பேசுகிறவன் என்று என்னைத் தாங்கள் நினைத்தது நியாயம்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் மாமா, அய்யா வேறு, அப்பா வேறு. அய்யாவைச் சுட்டது ரவுடி என்றுதான் நாங்களும் நினைத்தோம். கடைசியில் பார்த்தால் சுட்டது போலீஸ்கார மூத்தவன்! ரவுடிதான் நல்லவன், தம்பி சட்டையை அண்ணன் போட்டுக்கொண்டு போய்ச் சுட்டிருக்கிறான். இரண்டு தடவை பார்த்தும் எந்தச் சட்டை யாருடையது என்று எனக்கு விளங்கவில்லை. படம் பார்த்த எனக்கே இந்தக் குழப்பம் என்றால், வேனில் போகிறபோக்கில் போஸ்டர் பார்த்த தங்களைக் குறை சொல்ல முடியுமா?

அப்பா உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக, இன்றைய தினசரியைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். கடத்தப்பட்டவர் போல முறைப்பார், அது அவருடைய சாதாரண முகம். போஸ்டரைப் பார்த்துத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். "செத்தாத்தாம்லே இந்த ஊரு நம்மளப் பத்தி நாலு நல்ல வார்த்த பேசுது" என்கிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. செண்பகத்தை விட்டால் எனக்கு வேறு பெண் வேண்டாம் மாமா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மன்றப் பொறுப்பை இன்று காலையே ராஜினாமா செய்துவிட்டேன். கோபத்தை மறந்து ஒருநாள் வந்து கை நனைத்துவிட்டுப் போங்கள். இந்தக் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகச் செண்பகத்துக்கு, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். அப்பாவும் உயிரோடு தன் அன்பைச் சொல்லச் சொன்னார்.

தங்கள் மருமகனாகத் துடிக்கும்,
சு. சுடலைமணி

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் செண்பகமே போன் செய்தாள். வேனிலிருந்து போஸ்டரைப் பார்த்ததுமே அது தலைவர்தான் என்று அவளுக்குத் தெரியுமாம்! "பொறவு ஏன் ஒங்க அப்பாகிட்ட சொல்லல?" என்றேன். "ஆத்திரம்! சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன். அய்யா சாவாருன்னு ஊரெல்லாம் போஸ்டர் அடிச்சு ஒட்டுன ஆளு வீட்டுல நான் எதுக்கு வந்து கேசரி திங்கணும்?" என்றாள். டிக்கெட்டைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாளாம். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "சரி, போலீஸ், ரவுடி ரெண்டு பேருல யாரு சுட்டதுன்னு மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. அதையும் சொல்லாம இருந்தா, நானே அப்பாகிட்டப் பேசி அடுத்த வெள்ளிக்கிழம கூட்டிட்டு வாரேன்" என்றாள். ஆகவே மாமா, தங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அவளுக்கு எதையும் படித்துக் காட்ட வேண்டாம்.