விடுப்பில் இருந்தவருக்கு ஒரு பதக்கம்

ராணுவப் பணிப்பதிவேட்டு அலுவலகத்தின் மேலதிகாரி அவர்களுக்கு, ஓய்வு பெற்ற கேப்டனின் மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். அங்கு நீங்களும், உங்கள் அலமாரிகளும், அவற்றுக்குள் குடியிருக்கும் பூச்சிகளும் நலமாக இருப்பதாகவே நம்புகிறேன். எங்கள் வீட்டுக் காகிதங்களைத் தின்று வளர்ந்தவை என்பதால் அவற்றின் மீது எனக்கு ஒரு பாசம்.

விஷயத்துக்கு வருமுன் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காக இல்லை, தகவலுக்காக. மகள் வயிற்றுப் பேரன் டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிறான். இதுவரை எந்தப் பரீட்சையையும் இரண்டாம் முறை எழுதியதில்லை. அவன் தங்கை கட்டடப் படம் வரைகிறாள். அவள் வரைந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிஜமாகவே நிற்கிறது, நானே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மகன் வீட்டுப் பெரியவன் நீச்சலில் தங்கம் ஒன்று, வெள்ளி இரண்டு. கடைக்குட்டிக்கு நான்காம் வகுப்பு, கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. என் கையெழுத்துதான் அவளுக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன், மருமகள் ஒன்றும் சொல்வதில்லை. வரவேற்பறைச் சுவரில் இனி ஆணி அடிக்க இடமில்லை. ஆகவே பதக்கத்துக்கு ஏங்கும் குடும்பம் என்று எங்களை நினைத்துவிட வேண்டாம். நீச்சல் சங்கத்தார் பையன் தலை துவட்டி முடிப்பதற்குள் அவன் பெயரை ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். தாங்கள் நாற்பத்தாறு வருஷமாகப் பேனா மூடியைத் திறந்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்த வினை அந்தக் கடைக்குட்டியால்தான் தொடங்கியது. ‘என் தாத்தா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். வெள்ளத்தில் பாலம் உடைந்தபோது தாத்தா இடுப்பில் கயிறு கட்டி இறங்கி முப்பத்தொரு பேரைக் கரை சேர்த்தார், அதற்காக அரசு பதக்கம் கொடுத்தது என்று எழுதினாள். அவள் டீச்சர் ரொம்ப நாணயமானவர். கம்ப்யூட்டரில் உங்கள் பதக்கப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, பதக்கம் என்ற வார்த்தையின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிவிட்டார். நோட்டைக் கொண்டுவந்து குழந்தை கேட்டாள், “தாத்தா, உங்களுக்கு நிஜமாவே குடுத்தாங்களா?” வெள்ளத்தில் தண்ணீர் குடித்தும் வாய் மூடாத மனுஷன் எழுந்து போனார். கண்ணாடி அலமாரியில் இருந்த பதக்கத்தை எடுத்தார், மேசை இழுப்பறையில் டார்ச் லைட் பேட்டரிகளுக்கு அடியில் வைத்து மூடினார். அடுத்த மாதம் பள்ளி ஆண்டு விழாவில் தாத்தாக்களை மேடைக்கு அழைக்கிறார்களாம். பதக்கத்தைக் குத்திக்கொண்டு போங்கள் என்றேன். “ஏட்டுல இல்லாதது சட்டையில இருக்கக் கூடாது. அதோட நான் வரவும் இல்ல” என்கிறார். உங்கள் ஏட்டின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த ஏட்டை நான் நேரில் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

அவர் விட்டுவிடு என்று சொன்ன பிறகுதான் நான் கையில் எடுத்தேன். முதல் மனுவுக்கு, பதக்க ஆணையின் நகலை இணைக்கவும் என்று பதில் போட்டீர்கள். ஆணையை எழுதியது நீங்கள், அசலை வைத்திருக்க வேண்டியது நீங்கள், நகல் கேட்பது எங்களிடம். வீட்டில் நகல் இல்லை, தொலைந்துவிட்டது. உங்களிடம் அசலும் இல்லை, ஆனால் அதற்குத் தொலைந்தது என்று பெயர் இல்லையாம், ‘கண்டறிய இயலவில்லை’ என்று பெயராம். சரி, காகிதம் இல்லாவிட்டால் என்ன, பொருள் இருக்கிறதே என்று பதக்கத்தையே பெட்டியில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ‘உலோகப் பொருள்கள் கோப்பில் சேர்க்கப்பட மாட்டா’ என்று சீட்டுப் போட்டுத் திரும்பி வந்தது. அந்தச் சீட்டில் உங்கள் குண்டூசிகள் இரண்டு குத்தியிருந்தன. அவையும் உலோகம்தான், ஆகவே இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதவும். பிறகு, நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்றீர்கள். அன்று பாலத்தடியில் கூட இருந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது அவர் படைப்பிரிவின் ரேடியோக்காரர் ஒருவர்தான். போன் பண்ணினேன். “அண்ணே, அன்னைக்கு இவரு தண்ணில எறங்குனதப் பாத்தீங்கதானே?” என்றால், “பாத்தனாவா? கயித்தோட மறுமுனையப் புடிச்சிருந்தது யாரு? நான்! எனக்கு என்னம்மா குடுத்தாங்க? ஒரு கம்பளி! அதையும் மறுநாள் கணக்குல இல்லன்னு திரும்பப் புடுங்கிக்கிட்டாங்க!” என்றார். நாலு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி அனுப்பினார் பாவம். அதில் மூன்றேமுக்கால் பக்கம் கம்பளி. நீங்களும் மிச்சக் கால் பக்கத்தைப் படிக்காமல், கம்பளி சம்பந்தமாகப் பண்டகப் பிரிவுக்குத் தனியாக விண்ணப்பிக்கவும் என்று பதில் எழுதிவிட்டீர்கள். அவர் விண்ணப்பித்தும்விட்டார். கம்பளி கிடைத்தாலும் கிடைக்கும் போலிருக்கிறது.

கடைசியில் போன செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் மாறி நானே வந்தேன். மூன்றாம் கவுண்டரில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார் ஒரு தம்பி. நெற்றியில் இருக்கிறது என்று சொன்ன உபகாரத்துக்காகக் கோப்பை எடுத்துவந்தார். புரட்டினார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“அம்மா, வெள்ளம் வந்தது பதிமூணாந்தேதி. சார் பன்னெண்டாந்தேதிலேர்ந்து பத்து நாள் லீவு. மனைவியின் பிரசவம்னு எழுதியிருக்கு. லீவுல இருந்தவரு பாலத்துல எப்படிம்மா இருப்பாரு?”

“லீவு குடுத்தாங்க தம்பி. அவர் வரல.”

“வீட்டுக்குக் கெளம்பிட்டாருன்னு முத்திரை இருக்கே.”

“பிள்ளை பெத்தவ நான். வந்தாரா வரலையான்னு முத்திரைக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியலாம்மா. ஆனா கோப்புக்குத் தெரியணும்ல?”

அப்போதுதான் பார்த்தேன். அவர் விரல் வைத்திருந்த விடுப்புத் தாளுக்கு இரண்டு தாள் தள்ளி ஒரு நீலக் கடிதம் எட்டிப் பார்த்தது. தலைகீழாக இருந்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அது என் இருபத்திரண்டாம் வயதில், பிரசவித்த மூன்றாம் நாள், படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தபடி அவருடைய கமாண்டருக்கு நான் எழுதியது. ஸ்டேஷன் வரை பெட்டியோடு வந்தவர் வெள்ளச் செய்தி கேட்டுப் பாலத்துக்குத் திரும்பி ஓடியது எனக்கு அப்போது தெரியாது. யாரும் தந்திகூடக் கொடுக்கவில்லை. அவருக்கு வேலை அந்தப் பாலத்தில் என்பது மட்டும்தான் தெரியும், வலியிலும் கோபத்திலும் எழுதினேன். “ஐயா, பதினாலாம் தேதி பெண் பிறந்துவிட்டது. இன்று பதினேழு. லீவு கொடுத்தேன் என்கிறீர்கள், ஆள் எங்கே? பாலம் பாலம் என்று எந்நேரமும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு இனிமேல் அந்தப் பாலமே பிள்ளை பெற்றுக்கொடுக்கட்டும்” என்று எழுதியிருக்கிறேன். அதற்குமேல் எழுதியிருப்பதைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படித்துக்கொள்ளவும். அந்தக் கடிதத்தின் மேலும் உங்கள் முத்திரை இருக்கிறது, இருபதாம் தேதி, பெறப்பட்டது என்று.

இதைத் தம்பியிடம் காட்டினேன். “அது குடும்பப் புகார்மா, வேற பிரிவு” என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆறாம் வகுப்புக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இல்லை. ஆனாலும் தேதி படிக்கத் தெரியும். ஒரே கோப்பு. ஒரு தாள் அவர் வீட்டில் இருந்தார் என்கிறது, இரண்டு தாள் தள்ளி இன்னொன்று அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறது. இரண்டிலும் உங்கள் முத்திரை. எது பொய் சொல்லும் முத்திரை என்று தாங்களே சொல்லிவிட்டால், டீச்சரிடம் சிவப்பு மை வாங்கி அதன் மேல் ஒரு கோடு போட்டுவிடலாம். புருஷன் வரவில்லை என்று புகார் கொடுத்த பெண்டாட்டியை விடப் பெரிய சாட்சி உலகத்தில் எங்காவது கிடைத்தால் அனுப்பி வையுங்கள், நானும் பார்க்கிறேன். இல்லாவிட்டால் அந்த நீலக் கடிதத்தை ஆதாரமாக வைத்து, ஆண்டு விழாவுக்கு முன்பாக ஏட்டில் ஒரே ஒரு வரி ஏற்றுங்கள். பத்து வார்த்தை போதும். எங்கள் கடைக்குட்டியை அனுப்பினால் அவளே அழகாக எழுதிக் கொடுப்பாள்.

தங்கள் நாற்காலி ஆடாமலும், பேனா உலராமலும், மூன்றாம் கவுண்டர்த் தம்பியின் கண்ணாடி மூக்கிலேயே நிலைத்தும், எல்லோரும் நீண்ட ஆயுளோடு, ஒரு கோப்பையாவது முழுசாகப் படித்து முடிக்கும் அளவுக்கு நீண்ட ஆயுளோடு, இருக்க மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கேப்டன் வீட்டம்மாள்

பின்குறிப்பு: மேலே உங்கள் பூச்சிகளைப் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டாம். ஆணையின் நகல் தொலையவில்லை. பதக்கம் கொடுத்த அணிவகுப்புக்கு என்னையும் அழைத்திருந்தார், நான் வீம்புக்குப் போகவில்லை. அவர் ஆணையின் நகலையும், மேடையில் பதக்கம் வாங்கிய போட்டோவையும் ஒரே உறையில் வைத்து எனக்கு அனுப்பினார். பிரித்தேன். குழந்தைக்கு வெந்நீர் வைக்க அடுப்புப் பற்றவில்லை. இரண்டையும் உள்ளே போட்டேன், உடனே பற்றிக்கொண்டது. அவர் நாற்பத்தாறு வருஷமாகத் தான்தான் எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டதாக நினைத்து, மழைக்காலம் வந்தால் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுகிறார். நானும் கூடவே உட்கார்ந்து தேடுகிறேன். கோபத்தில் அந்தப் போட்டோவைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. சிரித்தாரா முறைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் படத்தின் பிலிம் உங்கள் அலமாரியில் எங்காவது கண்டறிய இயலுமானால், புதிதாக ஒரு பிரதி போட்டுத் தபாலில் அனுப்பி வையுங்கள். உறையின் மேல் என் பேரை மட்டும் எழுதுங்கள்.