மேல்கோட்டாரும் கீழ்க்கோட்டாரும்

பெருமதிப்புக்குரிய அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

அத்தானின் பிறந்தநாளுக்கு நான் வராததற்குக் காரணம் திமிர் என்று நீ பெரியப்பாவிடம் சொன்னாயாமே. திமிர் இல்லை அக்கா, நியூட்ரான். ஆல்ஃபா என்கிற மின்னூட்டத் துகள் ஃப்ளூரின் அணுவில் போய் மோதினால், சில சமயம் உள்ளேயிருந்து ஒரு நியூட்ரான் தெறித்து வெளியே வரும். எந்த வேகத்தில் மோதினால் எவ்வளவு தெறிக்கும் என்று பல ஆய்வுக்கூடங்களில் அளந்து வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய அளவு இன்னொருவருக்கு ஆகாது. எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, யார் எங்கே பிசகினார் என்று கண்டுபிடித்து, 'இதை நம்பலாம்' என்று ஒரே ஒரு கோடு இழுப்பதுதான் என் வேலை. ஆல்ஃபாவைக் கக்கும் யுரேனியத்தை ஃப்ளூரினோடு சேர்த்து வைக்கும் கிடங்குக்கு, அந்தக் கோட்டை நம்பித்தான் சுவர் எழுப்புகிறார்கள். கோடு தாழ்ந்துபோனால் சுவர் மெலிந்துபோகும், உள்ளே வேலை செய்பவர்களின் உடம்புக்கு ஆபத்து.

இந்த முறை என்னிடம் வந்தவை இரண்டே அளவுகள். வரைபடத்தில் ஒன்று மேலே போகிறது, இன்னொன்று அதற்கு வெகு கீழே. அளந்த இரண்டு பெரியவர்களும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். "ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கிடட்டுமா?" என்று எங்கள் நிறுவன இயக்குநரைக் கேட்டேன். "காரணம் இல்லாம கோடு போட்டா உன் கையை ஒடிச்சிடுவேன்" என்றார். சரி, இருவரையும் நேரில் வரவழைத்தேன். அவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே விருந்தினர் விடுதியில் குழாய் வெடித்து மெத்தையெல்லாம் மிதந்தது. வேறு வழி? இருவரும் நம் வீட்டு முன்னறையில். உன் நாத்தனார்களையே சமாளித்தவள் நீ, உனக்குப் புரியும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைப்பது என்பதில் தொடங்கி ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதுவரை சண்டை. என் மனைவி அவர்களுக்கு மேல்கோட்டார், கீழ்க்கோட்டார் என்று பெயரே வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் மேல்கோட்டார், "இவரு அளவெல்லாம் ஒரு அளவா?" என்று சூப்புக் கரண்டியை நீட்ட, கீழ்க்கோட்டார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். என் மனைவி பல் டாக்டர் இல்லையா, அவளுக்கு இந்த மாதிரி வாய்கள் பழக்கம். "ரெண்டு பேரும் உக்காருங்க. எங்க வலிக்குதுன்னு அடுத்தவர் வாயைப் பாத்து சொல்ல முடியாது. இனி இந்த மேஜையில அவங்கவங்க தப்பை மட்டும்தான் பேசணும்" என்றாள்.

கீழ்க்கோட்டார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் மோதவிட்ட ஃப்ளூரைடு படலம் ரொம்ப மெலிசு. சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி, நியூட்ரானும் குறைஞ்சிருக்கும். கடைசியில நான் எடை போட்டுப் பாக்கலை" என்றார். மேல்கோட்டார் கரண்டியைக் கீழே வைத்தார். "என் கருவி வேகமான நியூட்ரானைக் கொஞ்சமாத்தான் பிடிக்கும்னு நெனச்சுக் கணக்கை ஏத்திட்டேன். நிஜத்துல வந்ததெல்லாம் மெதுவானது, அதைக் கருவி முழுசாவே பிடிச்சிடும்."

"அதெல்லாம் சின்ன விஷயம். என் தப்புதான் பெரிசு" என்றார் கீழ்க்கோட்டார்.

"யாரு சொன்னது? என்னோடதுதான் பெரிசு!"

அதற்கு ஒரு புதிய சண்டை. ஆனால் அக்கா, சண்டையின் நடுவிலேயே ஒருவர் கண்ணை ஒருவர் துடைத்துவிட்டார்கள். மறுநாள் மூவருமாக உட்கார்ந்து திருத்தினோம். கீழ்க்கோடு ஏறியது, மேல்கோடு இறங்கியது, இரண்டும் சேர்ந்தன. இயக்குநர் என் தோளைத் தட்டினார். வேலை முடிந்தது, வீடு அமைதியாகிவிட்டது, என் கை பத்திரமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கமும் மன்னிப்பும். உன் மூட்டுவலி குறையட்டும், கோபம் அதற்கு முன்பே குறையட்டும்.

அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது செய்தி வந்தது. வேறொரு ஆய்வுக்கூடத்து அம்மாள் புதிதாக அளந்து அனுப்பியிருக்கிறார். பழைய மேல்கோட்டுக்கும் மேலே! இன்னும் ஊருக்குக் கிளம்பாத பெரியவர்கள் இருவரும் கைகோத்து நின்று, "அந்தம்மா இங்க வரட்டும், பாத்துக்கறோம்" என்கிறார்கள். நாளைக் காலை வருகிறார், நம் வீட்டுக்கேதான். மேலே 'முடிந்தது', 'அமைதி' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. என் மனைவி உன் வீட்டுக்குப் புறப்பட்டு, பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அவள்தான்.