கரண்ட் போனது, ஹவில்தார் எழுந்திருக்கவில்லை

இடுப்பு வலிக்காரர் ஒருவரை ஒன்றே முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார வைத்த பெருமை எனக்கு உண்டு. அதுவும் அவருக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு. இதை நான் எந்த விண்ணப்பத்திலும் எழுதுவதில்லை. ஆனால் எங்கள் சொந்தக்காரர்களில் இது தெரியாதவர் யாரும் கிடையாது. (அம்மாவின் தயவு.)

மனநல ஆலோசகருக்குப் படித்து முடித்ததும் சென்னை நிறுவனம் ஒன்று வேலை கொடுத்தது. ஓய்வுபெற்ற ராணுவத்தினரில் வருடக்கணக்காக வலியோடு இருப்பவர்களுக்கு வீடியோ காலில் மனச் சிகிச்சை. மாத்திரை, ஊசி கிடையாது. வலிக்குப் பயந்து பயந்து சுருங்கிப்போன வாழ்க்கையைப் பேசிப் பேசி, பயிற்சி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். மூன்று மாதம் பார்ப்பார்கள். முதல் நோயாளி பாதியில் விட்டுப் போனால் நானும் போக வேண்டியதுதான்.

"இடுப்புல வலின்னா மனசுக்கு எதுக்குடி வைத்தியம்?" என்றார் அம்மா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூளை, நரம்பு என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தைலம் தேச்சா போவுது" என்றார்.

முதல் நோயாளி ஹவில்தார் கலியமூர்த்தி, நல்லூர்க்காரர். (பெயரை மாற்றியிருக்கிறேன். "உண்மைப் பேரையே போடுங்க மேடம்" என்றுதான் அவர் சொன்னார்.) பட்டாளத்திலிருந்து வந்த பிறகு எங்கள் ஊர் பீங்கான் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தார். கேட்டில் நிற்கவும் முடியவில்லை, ஸ்டூலில் உட்காரவும் முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டார்.

"பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்கார முடியலீங்க மேடம்" என்றார் போனில். அறுபது வயது மனிதர் என்னை மேடம் என்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட வீட்டில் வேறொருவர் எண் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று காலியாக விட்டேன். அந்தக் கட்டத்தை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முந்தின நாளே அவருக்குச் சட்டதிட்டங்களை அனுப்பினேன். தனி அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், போன் சைலன்ட்டில், யாரும் குறுக்கே வரக்கூடாது. அவர் எல்லாவற்றையும் அப்படியே செய்தார். நான்தான் எதையும் செய்யவில்லை. எங்கள் வீடு ஜங்ஷனுக்குப் பின்னால். "மூச்சைக் கவனிங்க" என்று ஆரம்பித்ததும் கூட்ஸ் வண்டி ஊளையிட்டது. "வலியோட சண்டை போடாதீங்க" என்றபோது அம்மா எட்டிப் பார்த்து, "கொத்தவரங்காயா, பீர்க்கங்காயா?" என்றார். நான் கையை ஆட்டினேன்.

"கைய ஆட்டுனா எந்தக் காயி?"

அடுத்தது வலியோடு அமைதியாக இருக்கும் பயிற்சி. ஐந்தே நிமிடம். கண்ணை மூடி, வலி எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று கவனிக்க வேண்டும். முடியாவிட்டால் அசையலாம், நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையேட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது. காய்ப் பஞ்சாயத்தில் அதை மறந்தேன். தொண்டையைக் கனைத்து, ஆசிரமத்துக் குரல் ஒன்றை வரவழைத்து, "கண்ண மூடிக்குங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்காதீங்க. வலியோட அப்படியே உக்காந்திருங்க" என்றேன்.

"எஸ் மேடம்." பாயில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார்.

கரண்ட் போனது.

"இன்னிக்கு மாசாந்திர ஷட்டவுன் ஆச்சே. அஞ்சு மணிக்குத்தான் வரும்" என்றார் அம்மா. "நேத்தே குரூப்புல போட்டாங்க. அதான் காலையிலேயே தண்ணி ஏத்தி வச்சேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ படிச்சவ. பாத்திருப்பன்னு நெனைச்சேன்."

வைஃபை செத்துவிட்டது. என் கைபேசியில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. சைலன்ட்டில் போடச் சொன்ன புண்ணியவதி நான்தானே! ஏழு தடவை அடித்தேன். அவரே எழுந்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த "எஸ் மேடம்" காதில் கேட்டது. நேரில் போவதைத் தவிர வழியில்லை.

எனக்கு ஸ்கூட்டி ஓட்டப் பயம். (ஊராருக்குப் பயம் போக்குகிறவள்!) அம்மாதான் ஓட்டினார். சைக்கிள்கள் எங்களை முந்திச் சென்றன. ஊர் எல்லை தாண்டியதும், "கேஸ அணைச்சனா?" என்று வண்டியைத் திருப்பினார். அணைத்துத்தான் இருந்தது. யாரும் எங்கும் அலையக்கூடாது என்பதற்காகக் கண்டுபிடித்த வீடியோ சிகிச்சைக்கு நான் வெயிலில் நல்லூர் வரை அலைந்தேன்.

படிவத்திலிருந்த முகவரியை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, ஹவில்தார் வீட்டு வாசலில் அவர் மனைவி அஞ்சலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவரு உள்ள டாக்டரம்மாகூட பேசிக்கிட்டு இருக்காரு. யாரும் போவக்கூடாதாம்."

"நான்தாங்க அந்த டாக்டரம்மா."

அவர் என்னைப் பார்த்தார். சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். கீரையைக் கீழே வைத்தார்.

"அப்ப உள்ள யாரு?"

ஜன்னலுக்கு ஓடினேன். ஹவில்தார் அதே பாயில், அதே சம்மணத்தில். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தாடை இறுகியிருந்தது.

"சார்! போதும் சார்! கண்ணத் தொறங்க!"

திறந்தார். போனைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "வீடியோவுல இல்லீங்களா மேடம்?"

கால் மரத்துப்போய், தவழ்ந்து வந்துதான் தாழ்ப்பாளைத் திறந்தார்.

"வலிக்கலையா சார்?"

"உசுரு போவுதுங்க மேடம்."

"அப்ப எழுந்திரிக்க வேண்டியதுதானே சார்? சத்தமே இல்லன்னா லைன் போயிடுச்சின்னு தெரியாதா?" கத்தினேன். ஆமாம், என் முதல் நோயாளியைப் பார்த்து, அவர் வீட்டிலேயே, அவர் மனைவி எதிரிலேயே கத்தினேன்.

"நீங்க விஸ்ராம் சொல்லலியே."

விஸ்ராம் என்றால் பரேடில் உடம்பைத் தளர்த்தச் சொல்லும் உத்தரவு. அஞ்சலை கணவர் பக்கம் திரும்பினார். "பதினஞ்சு நிமிஷம் உக்கார முடியாதுன்னுதானே எங்கம்மா வூட்டுக்கு பஸ்ஸுல வரமாட்டேன்னீங்க? மங்கலம்பேட்டை எம்மாந் தூரம்? இந்தப் பொண்ணு சொன்னா மட்டும் உக்காருவீங்களா?"

இதற்குள் அம்மா கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துவிட்டார். (வரும்போதே வைத்திருக்கிறார். மகளின் தொழில் மீது அவ்வளவு நம்பிக்கை.) அஞ்சலை திட்டிக்கொண்டே வாங்கித் தேய்த்தார். ஹவில்தார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"மலையில ஒருக்கா காவலுக்கு நின்னேன் மேடம். மாத்த வேண்டிய ஆளு வரல. பனி. விடியிற வரைக்கும் நின்னேன். அன்னிக்குப் புடிச்சதுதான் இந்த இடுப்பு. அப்பவும் யாரும் விஸ்ராம் சொல்லல."

அஞ்சலையின் கை நின்றது. அவருக்கும் இது புதுச் செய்தி. வலி எப்போது தொடங்கியது என்று நான் போனில் கேட்டபோது, "சர்வீஸுல" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார். நானும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இப்போது நானும் அவரை இன்னொரு காவலில் நிறுத்திவிட்டுக் கரண்டோடு காணாமல் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அழுதேன்.

"மன்னிச்சிடுங்க சார். இனிமே விஸ்ராம் நான் சொல்ல மாட்டேன். வலிச்சா நீங்களே சொல்லிக்கணும்."

"அது ரூல்ஸுல வராதே மேடம்."

"இங்க அதுதான் சார் ரூல்ஸ்."

"சொல்லித்தான் பாருங்கண்ணா" என்றார் அம்மா.

அவர் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "விஸ்ராம்" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தார். அஞ்சலை முதுகுக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தார்.

இனி இந்த மனிதர் வரமாட்டார், என் வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "அடுத்த செவ்வாக்கிழமை எத்தன மணிக்கு ரிப்போர்ட் பண்ணணும் மேடம்?"

சென்னையில் கம்ப்யூட்டர் அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தையும் சிகிச்சை என்றே கணக்கெடுத்திருந்தது. "முதல் நாளே இவ்வளவு நேரமா? நல்ல இணக்கம்" என்று மேலதிகாரி பாராட்டினார். நடந்ததைச் சொன்னேன். மறுவாரத்திலிருந்து, அவசர எண் கட்டத்தை நிரப்பாமல் எங்கள் படிவம் நகராது.

ஹவில்தார் ஒரு வாரமும் தவறவில்லை. கடைசி வாரம் மங்கலம்பேட்டை மாமியார் வீட்டிலிருந்து பேசினார். போகும் வழியில் பஸ்ஸில் இரண்டு தடவை தனக்குத்தானே விஸ்ராம் சொல்லி எழுந்து நின்றாராம். "கண்டக்டர் ஒரு மாதிரி பாத்தாரு மேடம்" என்றார். வலி போய்விட்டதா என்றால், இல்லை. வீட்டோடு கிடப்பதுதான் போனது.

இப்போது நாளெல்லாம் வீடியோ முன்னால் உட்கார்ந்து எனக்கும் இடுப்பு போய்விட்டது. சாப்பாட்டு நேரம் தாண்டினால் அம்மா அறை வாசலில் கரண்டியோடு வந்து நின்று, "விஸ்ராம்!" என்று கத்துகிறார். திரையில் இருப்பவர் பழைய பட்டாளத்துக்காரர் என்றால், அவரும் சேர்ந்து சாய்ந்துகொள்கிறார்.